லாக்டிக் அமில பாக்டீரியாக்களும் புரோபயாடிக் தேர்வும்: நோயாளிகளும் பராமரிப்பாளர்களும் அறிய வேண்டியவை

மருந்துக் கடைகளில் புரோபயாடிக் என்ற பெயரில் மாத்திரைகள், பொடிகள், பானங்கள் பல கிடைக்கின்றன. "ஆய்வகத்தில் சோதிக்கப்பட்டது", "நல்ல பாக்டீரியா நிறைந்தது", "நன்மை தரும் கொழுப்பு அமிலங்களை உருவாக்குவது" போன்ற வாசகங்கள் அவற்றைப் பற்றிய செய்திகளிலும் விளம்பரங்களிலும் இடம்பெறுகின்றன. ஒரு பாக்டீரியா எந்தெந்தச் சோதனைகளைக் கடந்து புரோபயாடிக் என்னும் தகுதியைப் பெறுகிறது, அச்சோதனைகள் எதை உறுதி செய்கின்றன, எதை உறுதி செய்வதில்லை என்பதை இப்பக்கம் விளக்குகிறது. உங்களுக்கோ உங்கள் பராமரிப்பில் உள்ளவருக்கோ புரோபயாடிக் தேவையா என்று மருத்துவருடன் கலந்து முடிவெடுக்க இத்தகவல்கள் உதவும்.

முக்கியக் குறிப்புகள்

• புரோபயாடிக்கின் பயன் ஒரு குறிப்பிட்ட திரிபுக்கும், குறிப்பிட்ட அளவுக்கும், குறிப்பிட்ட நோய்க்கும் மட்டுமே உரியது. ஒரு திரிபுக்குக் கிடைத்த சான்று மற்றொன்றுக்குப் பொருந்தாது.
• ஆய்வகச் சோதனையில் தேறுவது முதற்படி மட்டுமே. மனிதர்களிடம் நடத்தப்படும் கட்டுப்படுத்தப்பட்ட ஆய்வே பயனையும் பாதுகாப்பையும் உறுதி செய்யும்.
• ஒரு பாக்டீரியா கொழுப்பு அமிலத்தை உருவாக்குகிறது என்பதாலேயே, அதை உட்கொள்பவருக்கு அந்த அமிலத்தின் பயன் கிடைத்துவிடும் என்று கொள்ள இயலாது.
• குறைமாதக் குழந்தைகள், நோய் எதிர்ப்புத் திறன் குறைந்தவர்கள், தீவிர சிகிச்சையில் உள்ளவர்கள் ஆகியோருக்கு மருத்துவரின் அறிவுரையின்றிப் புரோபயாடிக் கொடுக்கக் கூடாது.

புரோபயாடிக் என்றால் என்ன?

போதிய அளவில் உட்கொள்ளும்போது உடல்நலத்திற்கு நன்மை தரும் உயிருள்ள நுண்ணுயிரிகளே புரோபயாடிக் எனப்படும். உலக சுகாதார அமைப்பும் ஐக்கிய நாடுகளின் உணவு, வேளாண்மை அமைப்பும் கூட்டிய வல்லுநர் குழு 2001ஆம் ஆண்டில் இந்த வரையறையின் அடிப்படையை வகுத்தது. இதில் மூன்று நிபந்தனைகள் அடங்கியுள்ளன. நுண்ணுயிரி உயிருடன் இருக்க வேண்டும். போதிய எண்ணிக்கையில் இருக்க வேண்டும். நன்மை நிரூபிக்கப்பட்டிருக்க வேண்டும். இவற்றுள் ஒன்று குறைந்தாலும் அதனைப் புரோபயாடிக் என்று அழைக்க இயலாது.

ஆகவே, புளிக்க வைத்த உணவு அனைத்தும் புரோபயாடிக் ஆகிவிடாது. இட்லி மாவில் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் ஏராளமாக உள்ளன. ஆனால், ஆவியில் வேகும்போது அவை பெரும்பாலும் மடிந்துவிடுகின்றன. இதனால் இட்லியின் சத்தும் எளிதில் செரிக்கும் தன்மையும் குறைவதில்லை. எனினும் அது உயிருள்ள பாக்டீரியாவைத் தரும் உணவு ஆகாது.

லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் எவை?

சர்க்கரையைச் சிதைத்து லாக்டிக் அமிலத்தை முதன்மையாக உருவாக்கும் பாக்டீரியாக்களின் தொகுதி இது. பால் தயிராக உறைவதும், அரிசி உளுந்து மாவு புளித்துப் பொங்குவதும், நீரூற்றி வைத்த சோறு மறுநாள் புளிப்பதும் இவற்றின் செயலே. லாக்டோபேசில்லஸ், லாக்டோகாக்கஸ், லியூக்கோநாஸ்டாக், பீடியோகாக்கஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோபிலஸ் ஆகியவை இவற்றுள் அறியப்பட்டவை. மனிதக் குடலிலும் வாயிலும் பெண்களின் பிறப்புறுப்புப் பாதையிலும் இத்தொகுதியைச் சேர்ந்த பல வகைகள் இயல்பாகவே வாழ்கின்றன.

புரோபயாடிக் பொருள்களில் பரவலாகக் காணப்படும் பைஃபிடோபாக்டீரியா இத்தொகுதியைச் சேர்ந்ததன்று. அதுவும் லாக்டிக் அமிலத்தை உருவாக்குவதாலும் குடலில் வாழ்வதாலும் இவற்றுடன் சேர்த்துப் பேசப்படுகிறது.

பெயரில் உள்ள மூன்று பகுதிகள்

ஒரு புரோபயாடிக்கின் முழுப்பெயர் பேரினம், சிற்றினம், திரிபு என மூன்று பகுதிகளைக் கொண்டது. 'லாக்டோபேசில்லஸ் ராம்னோசஸ் ஜி.ஜி.' என்பதில் லாக்டோபேசில்லஸ் பேரினம், ராம்னோசஸ் சிற்றினம், ஜி.ஜி. திரிபு. அமெரிக்க ஆய்வாளர்களான கோர்பாக், கோல்டின் ஆகியோர் 1980களில் ஆரோக்கியமான ஒருவரின் மலத்திலிருந்து இத்திரிபைப் பிரித்தெடுத்தனர். அவர்களுடைய பெயர்களின் முதலெழுத்துகளே ஜி.ஜி. ஆயின. அமிலத்தையும் பித்தநீரையும் தாங்குதல், குடல் செல்களில் ஒட்டுதல் ஆகிய பண்புகளைக் கொண்டு அது தேர்ந்தெடுக்கப்பட்டது.

மூன்றாம் பகுதியான திரிபே மிக முக்கியமானது. ஒரே சிற்றினத்தைச் சேர்ந்த இரு திரிபுகளுள் ஒன்று அமிலத்தைத் தாங்கலாம். மற்றது தாங்காமற் போகலாம். எனவே, பேரினமும் சிற்றினமும் மட்டும் அச்சிடப்பட்ட பொருளில் உள்ளது எந்தத் திரிபு என்று உங்களால் அறிய இயலாது.

2020ஆம் ஆண்டில் லாக்டோபேசில்லஸ் பேரினம் மரபணு அடிப்படையில் 25 பேரினங்களாகப் பிரிக்கப்பட்டது. இதனால் ராம்னோசஸ் இப்போது லாக்டிகேசிபேசில்லஸ் ராம்னோசஸ் என்றும், பிளாண்டாரம் லாக்டிபிளாண்டிபேசில்லஸ் பிளாண்டாரம் என்றும் அழைக்கப்படுகின்றன. பழைய பெயரும் புதிய பெயரும் ஒரே பாக்டீரியாவையே குறிக்கின்றன. திரிபின் குறியீடு மாறுவதில்லை. அதைக் கொண்டு அடையாளம் காணலாம்.

ஒரு பாக்டீரியா எவ்வாறு தேர்ந்தெடுக்கப்படுகிறது?

தயிர், புளித்த மாவு, ஊறுகாய், தாய்ப்பால், குழந்தையின் மலம் போன்றவற்றிலிருந்து நூற்றுக்கணக்கான பாக்டீரியாக்களைப் பிரித்தெடுத்து ஆய்வாளர்கள் தேர்வைத் தொடங்குகின்றனர். ஒவ்வொரு படியிலும் பல நீக்கப்பட்டு, இறுதியில் ஒரு சிலவே எஞ்சுகின்றன. இந்தியாவில் இத்தேர்வுக்கான வழிகாட்டுதல்களை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் இணைந்து 2011ஆம் ஆண்டில் வெளியிட்டன.

படி 1: பிரித்தெடுத்தலும் அடையாளம் காணலும்

மாதிரியை எம்.ஆர்.எஸ். எனப்படும் வளர்ப்பு ஊடகத்தில் பரப்பி, ஏறத்தாழ 37 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் ஓரிரு நாள்கள் வளர்க்கின்றனர். தனித்தனியாகத் தோன்றும் கூட்டங்களைப் பிரித்து, நுண்ணோக்கியிலும் வேதியியல் முறையிலும் ஆராய்கின்றனர். பின்னர் மரபணு வரிசையைக் கொண்டு சிற்றினமும் திரிபும் உறுதி செய்யப்படுகின்றன. தோற்றத்தை மட்டும் கொண்டு பெயரிடுவது தவறான முடிவுக்கு இட்டுச்செல்லும்.

படி 2: அமிலத்தையும் பித்தநீரையும் தாங்குதல்

வாய்வழி உட்கொள்ளும் பாக்டீரியா முதலில் இரைப்பையின் கடும் அமிலத்தையும், அடுத்துச் சிறுகுடலில் பித்தநீரையும் கடக்க வேண்டும். இச்சூழலை ஆய்வகத்தில் உருவாக்கி, பி.எச். 2 முதல் 3 வரையிலான அமிலத்தில் இரண்டு மூன்று மணி நேரமும், ஏறத்தாழ 0.3 விழுக்காடு பித்த உப்புக் கரைசலில் சில மணி நேரமும் பாக்டீரியாவை வைத்து, எஞ்சியவற்றை எண்ணுகின்றனர். 100 கோடி பாக்டீரியாக்களில் ஆயிரத்தில் ஒன்று மட்டுமே பிழைத்தால் குடலை அடைவது 10 லட்சம் மட்டுமே. எண்ணிக்கையும் தாங்கும் திறனும் சேர்ந்தே கருதப்பட வேண்டும் என்பதை இக்கணக்கு உணர்த்துகிறது.

படி 3: குடற்சுவரில் ஒட்டும் திறன்

மனிதப் பெருங்குடல் புற்றிலிருந்து பெறப்பட்டு ஆய்வகங்களில் வளர்க்கப்படும் காகோ-2 போன்ற செல்களின் மீது பாக்டீரியா ஒட்டுகிறதா என்று பார்க்கின்றனர். ஒட்டும் பாக்டீரியா குடலில் சிறிது காலம் தங்க வாய்ப்புண்டு. எனினும், பெரும்பாலான புரோபயாடிக்குகள் உட்கொள்வதை நிறுத்திய சில நாள்களிலோ வாரங்களிலோ குடலிலிருந்து நீங்கிவிடுகின்றன.

படி 4: நோய்க்கிருமிகளைத் தடுத்தல்

ஈ. கோலி, சால்மொனெல்லா, லிஸ்டீரியா போன்ற கிருமிகள் வளரும் தட்டில் இந்தப் பாக்டீரியாவை அல்லது அதன் சாற்றை இட்டு, அதைச் சுற்றி வளர்ச்சி தடைப்படுகிறதா என்று அளக்கின்றனர். அமிலத்தன்மையாலேயே தடை ஏற்படக்கூடும் என்பதால், அமிலத்தைச் சமன்செய்த பின்னரும் சோதனையைத் திரும்பச் செய்கின்றனர். தட்டில் காணும் விளைவு உடலுக்குள்ளும் நிகழும் என்பதற்கு இது சான்றாகாது.

படி 5: பாதுகாப்புச் சோதனைகள்

நோயாளிகளைப் பொறுத்தவரை மிகவும் இன்றியமையாத படி இதுவே. இங்கு நான்கு வினாக்களுக்கு விடை தேடப்படுகிறது.

• இரத்தச் சிவப்பணுக்களை இது சிதைக்கிறதா? சிதைத்தால் நீக்கப்படும்.
• ஆன்டிபயாடிக் மருந்துகளுக்கு எதிர்ப்புத் திறன் உள்ளதா? இருப்பின் அது பிற பாக்டீரியாவுக்குப் பரவக்கூடியதா? பல லாக்டோபேசில்லஸ் வகைகள் வான்கோமைசின் மருந்தை இயல்பாகவே எதிர்க்கின்றன. அந்த இயல்பு பிறவற்றுக்குப் பரவுவதில்லை. டெட்ராசைக்ளின் போன்ற மருந்துகளுக்கான எதிர்ப்பு மரபணுக்கள் இடம்பெயரும் தன்மையுள்ள டி.என்.ஏ. துண்டில் அமைந்திருந்தால், அவை குடலில் உள்ள நோய்க்கிருமிகளுக்குச் சென்றுசேரக்கூடும். அத்தகைய திரிபு ஏற்கத்தக்கதன்று.
• தீங்கு தரும் பொருள்களை உருவாக்குகிறதா? ஹிஸ்டமின் போன்ற அமீன்களும், டி-லாக்டிக் அமிலமும் இவ்வகையில் கவனிக்கப்படுகின்றன.
• நோயுண்டாக்கும் மரபணுக்கள் உள்ளனவா? குறிப்பாக, என்டரோகாக்கஸ் பேரினத்தின் சில திரிபுகள் மருத்துவமனைத் தொற்றுகளை உண்டாக்குபவை என்பதால், அப்பேரினம் கூடுதல் கவனத்துடன் ஆராயப்படுகிறது.

படி 6: மனிதர்களிடம் ஆய்வு

மேற்கண்ட படிகளைக் கடந்த திரிபை, முதலில் சிலருக்குக் கொடுத்துப் பாதுகாப்பையும், பின்னர் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரித்துப் பயனையும் ஆராய்கின்றனர். ஒரு குழுவுக்குப் புரோபயாடிக்கும், மற்றொன்றுக்கு அதே தோற்றமுள்ள மருந்தற்ற பொருளும் கொடுக்கப்படும். யாருக்கு எது கொடுக்கப்பட்டது என்பது ஆய்வு முடியும்வரை நோயாளிக்கும் மருத்துவருக்கும் தெரியாது. நோய் தானாகக் குணமாவதையும் மனநிறைவால் தோன்றும் மாற்றத்தையும் உண்மையான பயனிலிருந்து பிரித்தறிய வேறு நம்பகமான வழி இல்லை.

நன்மை தரும் கொழுப்பு அமிலங்கள்: இரு வகைகள்

லாக்டிக் அமில பாக்டீரியாக்களைப் பற்றிய ஆய்வுகளில் கொழுப்பு அமிலம் என்ற சொல் இரு வேறு பொருள்களைக் குறிக்கிறது.

முதலாவது, குறுஞ்சங்கிலிக் கொழுப்பு அமிலங்கள். நாம் உண்ணும் நார்ச்சத்தைப் பெருங்குடலில் உள்ள பாக்டீரியாக்கள் நொதிக்கச் செய்யும்போது அசிட்டேட், புரொப்பியோனேட், பியூட்டிரேட் ஆகியவை உண்டாகின்றன. பியூட்டிரேட், பெருங்குடலின் உட்சுவர் செல்களுக்கு முதன்மையான எரிபொருள். லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் பொதுவாக பியூட்டிரேட்டை நேரடியாக உருவாக்குவதில்லை. அவை வெளியிடும் லாக்டேட்டையும் அசிட்டேட்டையும் குடலில் ஏற்கெனவே வாழும் பிற பாக்டீரியாக்கள் பியூட்டிரேட்டாக மாற்றுகின்றன. எனவே, காய்கறி, கீரை, பயறு, முழுத்தானியம் ஆகியவற்றில் உள்ள நார்ச்சத்து போதிய அளவில் கிடைக்காவிடில், எந்தப் புரோபயாடிக்கும் அக்குறையை ஈடு செய்யாது.

இரண்டாவது, கான்ஜுகேட்டட் லினோலிக் அமிலம், சுருக்கமாக சி.எல்.ஏ. சூரியகாந்தி, நல்லெண்ணெய் முதலியவற்றில் மிகுந்துள்ள லினோலிக் அமிலத்தின் மாற்று வடிவமே இது. மாடு, ஆடு ஆகியவற்றின் இரைப்பையில் வாழும் பாக்டீரியாக்களின் செயலால் உருவாவதால், பால், நெய், இறைச்சி ஆகியவற்றில் சிறிதளவு காணப்படுகிறது. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் பரிசா குழுவினர் மாட்டிறைச்சியை ஆராய்ந்தபோது இதன் உயிரியல் செயல்பாடு கவனத்திற்கு வந்தது. லினோலிக் அமிலம் பல பாக்டீரியாக்களின் வளர்ச்சியைத் தடுக்கும் தன்மையுடையது. அதைத் தீங்கற்ற வடிவமாக மாற்றித் தம்மைக் காத்துக்கொள்ளும் முயற்சியாகவே சில லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் சி.எல்.ஏ.வை உருவாக்குவதாகக் கருதப்படுகிறது. பிளாண்டாரம் சிற்றினத்தின் ஒரு திரிபில் இம்மாற்றம் பல நொதிகளின் தொடர் செயலால் நிகழ்வதை ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013ஆம் ஆண்டில் விளக்கினர்.

சி.எல்.ஏ. எவ்வாறு கண்டறியப்படுகிறது?

வளர்ப்பு ஊடகத்தில் லினோலிக் அமிலத்தைச் சேர்த்துப் பாக்டீரியாவை வளர்க்கின்றனர். பின்னர் கொழுப்பைப் பிரித்தெடுத்து, 233 நானோமீட்டர் அலைநீளமுள்ள புற ஊதா ஒளியை அது எவ்வளவு உறிஞ்சுகிறது என்று அளக்கின்றனர். இது விரைவான முதற்கட்டச் சோதனை. அதே அலைநீளத்தைக் கெட்டுப்போன எண்ணெயில் உள்ள சில பொருள்களும் உறிஞ்சும். எனவே, வாயு நிறப்பிரிகை முறையில் உறுதி செய்த பின்னரே முடிவு ஏற்கப்படுகிறது. சி.எல்.ஏ.வின் எந்த வடிவம் உருவாயிற்று என்பதையும் அம்முறையே காட்டும்.

வடிவத்தை அறிவது மிக அவசியம். 'சிஸ்-9, டிரான்ஸ்-11' என்னும் வடிவமே பாலில் பெரும்பான்மையாக உள்ளது. 'டிரான்ஸ்-10, சிஸ்-12' என்னும் வடிவம் எலிகளில் உடற்கொழுப்பைக் குறைத்தது. ஆனால், உடற்பருமன் உள்ள ஆண்களிடம் ஸ்வீடனில் நடந்து 2002ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில், இவ்வடிவம் இன்சுலினுக்கு உடல் பதிலளிக்கும் திறனைக் குறைத்தது. நீரிழிவு உள்ளவர்களும், நீரிழிவு வரும் வாய்ப்புள்ளவர்களும் எடைக் குறைப்புக்கென விற்கப்படும் சி.எல்.ஏ. மாத்திரைகளைத் தாமாக உட்கொள்ளக் கூடாது என்பதற்கு இது போதிய காரணம்.

அளவு குறித்த ஓர் எளிய கணக்கு

மனிதர்களிடம் நடந்த சி.எல்.ஏ. ஆய்வுகளில் பெரும்பாலும் நாளொன்றுக்கு 3 கிராம் அளவில் கொடுக்கப்பட்டது. அந்த அளவிலும் எடைக் குறைவு சிறிதாகவே இருந்தது. இப்போது புளித்த பால் ஒன்றைக் கருதுவோம். ஒரு மில்லிலிட்டருக்கு அரை மில்லிகிராம் லினோலிக் அமிலம் சேர்க்கப்பட்டு, அதில் பாதியைப் பாக்டீரியா மாற்றிவிட்டதாகக் கொண்டாலும், 200 மில்லிலிட்டர் குவளையில் கிடைப்பது 50 மில்லிகிராம் சி.எல்.ஏ. மட்டுமே. 3 கிராமை எட்ட 60 குவளைகள் தேவைப்படும்.

மேலும், ஆய்வகத்தில் லினோலிக் அமிலம் தனித்த வடிவில் சேர்க்கப்படுகிறது. உணவில் அது பெரும்பாலும் பிற மூலக்கூறுகளுடன் பிணைந்துள்ளது. அதனைப் பிரித்த பின்னரே பாக்டீரியாவால் மாற்ற இயலும். ஆகவே, 'சி.எல்.ஏ. உருவாக்கும் திரிபு' என்பது ஓர் ஆய்வகப் பண்பு. அது மருத்துவப் பயன் ஆவதற்கு மனித ஆய்வுச் சான்று தேவை.

மனித ஆய்வுகள் காட்டியவை: மூன்று எடுத்துக்காட்டுகள்

பயன் கண்ட ஆய்வு: ஒடிசா, 2017

ஒடிசா மாநிலக் கிராமங்களில் 4,556 பச்சிளங்குழந்தைகளிடம் ஓர் ஆய்வு நடைபெற்றது. இருநூற்றுக்கும் மேற்பட்ட திரிபுகளிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட பிளாண்டாரம் ஏ.டி.சி.சி. 202195 என்னும் திரிபு, அதற்கு உணவாகும் ஒருவகைச் சர்க்கரையுடன் சேர்த்து ஏழு நாள்கள் வாய்வழி கொடுக்கப்பட்டது. இரத்தத் தொற்று அல்லது இறப்பு நேர்ந்த குழந்தைகள், மருந்தற்ற பொருள் பெற்ற குழுவில் 9 விழுக்காடு. புரோபயாடிக் பெற்ற குழுவில் 5.4 விழுக்காடு. இக்குழந்தைகள் குறைந்தது 2,000 கிராம் எடையும் 35 வாரக் கருவளர்ச்சியும் உடையவர்கள், தாய்ப்பால் அருந்தியவர்கள். மருத்துவக் கண்காணிப்பில், ஒரே திரிபு, ஒரே அளவில் கொடுக்கப்பட்டது. கடையில் கிடைக்கும் வேறொரு பொடியை வீட்டில் பச்சிளங்குழந்தைக்குக் கொடுக்க இந்த ஆய்வு ஆதாரம் ஆகாது.

பயன் காணாத ஆய்வு: அமெரிக்காவும் கனடாவும், 2018

கடும் வயிற்றுப்போக்குடன் வந்த குழந்தைகளிடம் இரு பெரிய ஆய்வுகள் நடந்தன. அமெரிக்க ஆய்வில் ராம்னோசஸ் ஜி.ஜி. திரிபும், கனடா ஆய்வில் இரு திரிபுகளின் கலவையும் பயன்படுத்தப்பட்டன. ஒவ்வொன்றிலும் 850க்கும் மேற்பட்ட குழந்தைகள் பங்கேற்றனர். இரு ஆய்வுகளிலும், புரோபயாடிக் பெற்ற குழந்தைகளுக்கும் பெறாத குழந்தைகளுக்கும் இடையே நோயின் கடுமையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. ஆய்வகச் சோதனைகளில் சிறந்து விளங்கிய திரிபும் ஒரு குறிப்பிட்ட நோயில் பயன் தராமற் போகலாம்.

தீங்கு நேர்ந்த ஆய்வு: நெதர்லாந்து, 2008

கடும் கணைய அழற்சி உள்ள நோயாளிகளுக்குத் தொற்றைத் தடுக்கும் நோக்கில் ஆறு திரிபுகளின் கலவை கொடுக்கப்பட்டது. நோய்க்கிருமிகளைத் தடுக்கும் திறனை ஆய்வகத்தில் பார்த்தே இக்கலவை வடிவமைக்கப்பட்டிருந்தது. ஆனால், தொற்று குறையவில்லை. புரோபயாடிக் பெற்றவர்களில் 16 விழுக்காட்டினரும், பெறாதவர்களில் 6 விழுக்காட்டினரும் இறந்தனர். புரோபயாடிக் பெற்ற ஒன்பது பேருக்குக் குடலுக்கு இரத்த ஓட்டம் தடைப்பட்டது. மற்ற குழுவில் ஒருவருக்கும் அவ்வாறு நேரவில்லை. "பயன் தராவிட்டாலும் தீங்கு செய்யாது" என்னும் பொதுவான நம்பிக்கை கடும் நோயாளிகளுக்குப் பொருந்தாது என்பதை இந்த ஆய்வு தெளிவாக்கியது.

யார் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்?

ஆரோக்கியமானவர்களுக்குப் புரோபயாடிக் பொதுவாகப் பாதுகாப்பானது. தொடக்கத்தில் வயிற்று உப்புசம், வாயு ஆகியவை தோன்றலாம். கீழ்க்கண்டவர்களுக்கு உயிருள்ள பாக்டீரியா இரத்தத்தில் கலந்து தொற்றை உண்டாக்கும் அல்லது வேறு தீங்கு நேரும் வாய்ப்பு உண்டு:

• குறைமாதத்தில் பிறந்த அல்லது மிகக் குறைந்த எடையுள்ள குழந்தைகள். புரோபயாடிக் கொடுக்கப்பட்ட குறைமாதக் குழந்தை ஒன்று இரத்தத் தொற்றால் இறந்ததையடுத்து, அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2023ஆம் ஆண்டில் மருத்துவர்களுக்கு எச்சரிக்கை விடுத்தது.
• புற்றுநோய்க்கு கீமோதெரபி பெறுபவர்கள், உறுப்பு மாற்று அறுவை செய்துகொண்டவர்கள், நீண்டகாலம் ஸ்டீராய்டு உட்கொள்பவர்கள், எச்.ஐ.வி. தொற்றால் எதிர்ப்புத் திறன் குறைந்தவர்கள்
• தீவிர சிகிச்சைப் பிரிவில் உள்ளவர்கள், கடும் கணைய அழற்சி உள்ளவர்கள்
• கழுத்து அல்லது மார்பின் பெரிய இரத்தக்குழாயில் ட்யூப் பொருத்தப்பட்டவர்கள்
• செயற்கை இதய வால்வு உள்ளவர்கள், முன்பு இதய உட்சுவர் தொற்று ஏற்பட்டவர்கள்
• குடலின் பெரும்பகுதி அகற்றப்பட்டவர்கள். இவர்களுக்கு டி-லாக்டிக் அமிலம் இரத்தத்தில் சேர்ந்து குழப்பம், தள்ளாட்டம் ஆகியவை ஏற்படக்கூடும்.

இவர்களைப் பராமரிப்பவர்கள், உறவினர் பரிந்துரைத்தார் என்றோ விளம்பரத்தில் கண்டோம் என்றோ புரோபயாடிக் கொடுக்கக் கூடாது. மருத்துவமனையில் சேர்க்கும்போது நோயாளி உட்கொள்ளும் புரோபயாடிக்குகளையும் மருந்துப் பட்டியலில் சேர்த்துச் சொல்லுங்கள்.

லேபிளில் எதைப் பார்க்க வேண்டும்?

இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2016ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, புரோபயாடிக் உணவில் நாளொன்றுக்குப் பரிந்துரைக்கப்படும் அளவில் குறைந்தது 10 கோடி உயிருள்ள பாக்டீரியாக்கள் இருக்க வேண்டும். இந்த எண்ணிக்கை சி.எஃப்.யு. என்ற அலகில் குறிக்கப்படுகிறது. வாங்குமுன் இவற்றைச் சரிபாருங்கள்:

• பேரினம், சிற்றினம், திரிபின் குறியீடு ஆகிய மூன்றும் உள்ளனவா?
• உயிருள்ள பாக்டீரியாக்களின் எண்ணிக்கை காலாவதி நாள் வரைக்குமானதா, தயாரித்த நாளுக்கு மட்டுமானதா?
• ஒரு நாளைக்கு உட்கொள்ள வேண்டிய அளவு குறிப்பிடப்பட்டுள்ளதா?
• எந்த வெப்பநிலையில் வைக்க வேண்டும்? குளிர்பதனத்தில் வைக்க வேண்டிய பொருள் கடையில் வெளியே அடுக்கப்பட்டிருந்தால் அதனை வாங்க வேண்டாம்.
• நோயைக் குணமாக்கும் என்று கூறப்பட்டுள்ளதா? உணவுப் பொருள் எதுவும் அவ்வாறு உரிமை கோரக் கூடாது.

'லாக்டோபேசில்லஸ் ஸ்போரோஜீன்ஸ்' என்ற பெயரைச் சில மாத்திரைகளில் காணலாம். அது உண்மையில் பேசில்லஸ் கோயாகுலன்ஸ் என்னும் வேறொரு பாக்டீரியா. சாக்கரோமைசிஸ் பௌலார்டி என்பது பாக்டீரியாவே அன்று. அது ஒருவகை ஈஸ்ட். பெயர் ஒத்திருப்பதைக் கொண்டு ஒன்றுக்கு மாற்றாக மற்றொன்றை வாங்க வேண்டாம்.

அடிக்கடி எழும் கேள்விகள்

வீட்டுத் தயிர் புரோபயாடிக் ஆகுமா?

வீட்டுத் தயிரில் உயிருள்ள லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் உள்ளன. அவை எந்தத் திரிபுகள், எத்தனை என்பது உறை மோருக்கும் வெப்பநிலைக்கும் ஏற்ப மாறும். ஆகவே வரையறையின்படி அது புரோபயாடிக் அன்று. எனினும் புரதமும் கால்சியமும் தரும் நல்ல உணவு. உடல்நிலை சீராக உள்ளவர்கள் தயிர், மோர், பழைய சோறு ஆகியவற்றை வழக்கம்போல் உண்ணலாம். எதிர்ப்புத் திறன் மிகக் குறைந்தவர்கள் இவற்றைப் பற்றித் தம் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஆன்டிபயாடிக் உட்கொள்ளும்போது புரோபயாடிக் தேவையா?

எல்லோருக்கும் தேவையில்லை. ஆன்டிபயாடிக்கால் வரும் வயிற்றுப்போக்கைச் சில திரிபுகள் ஓரளவு குறைப்பதாகச் சான்றுகள் உள்ளன. மருத்துவர் பரிந்துரைத்தால், ஆன்டிபயாடிக்குக்கும் பாக்டீரியா புரோபயாடிக்குக்கும் இடையே குறைந்தது இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள். புரோபயாடிக் உட்கொள்கிறோம் என்பதற்காக ஆன்டிபயாடிக்கை இடையில் நிறுத்தக் கூடாது.

குழந்தைக்கு வயிற்றுப்போக்கு ஏற்பட்டால் புரோபயாடிக் போதுமா?

போதாது. ஓ.ஆர்.எஸ். கரைசலும், மருத்துவர் கூறும் அளவில் 14 நாள்கள் துத்தநாக மாத்திரையும், தொடர்ந்த தாய்ப்பாலும் உணவுமே முதன்மைச் சிகிச்சை. புரோபயாடிக் இவற்றுக்கு மாற்றாகாது.

ஆய்வகத்தில் தேறிய புதிய திரிபு பற்றிய செய்தியைப் படித்தேன். பயன்படுத்தலாமா?

அச்செய்தி அமிலம் தாங்குதல், ஒட்டுதல், கொழுப்பு அமிலம் உருவாக்குதல் ஆகியவற்றைப் பற்றி மட்டும் பேசினால், அது ஐந்தாம் படிவரையிலான செய்தியே. மனித ஆய்வு நடந்ததா, உங்கள் நோய்க்கு நடந்ததா என்று பாருங்கள். நடக்கவில்லையெனில் காத்திருப்பதே சரியானது.

மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்விகள்

• என் நோய்க்கு இந்தப் புரோபயாடிக்கால் பயன் உண்டு என்பதற்கு மனித ஆய்வுச் சான்று உள்ளதா?
• எந்தத் திரிபு, எவ்வளவு, எத்தனை நாள்கள்?
• எப்போது பயன் தெரியும்? தெரியாவிட்டால் எப்போது நிறுத்துவது?
• நான் உட்கொள்ளும் பிற மருந்துகளுடன் சேர்த்துக்கொள்ளலாமா?
• என் உடல்நிலையில் இதனால் தொற்று ஏற்படும் வாய்ப்பு உள்ளதா?

எப்போது உடனடி மருத்துவ உதவி நாட வேண்டும்?

புரோபயாடிக் உட்கொள்ளும் ஒருவருக்குக் குளிர் நடுக்கத்துடன் காய்ச்சல், கடும் வயிற்று வலி, மலத்தில் இரத்தம், மூச்சுத் திணறல், முகம் அல்லது உதடு வீக்கம், மனக்குழப்பம் ஆகியவற்றுள் ஏதேனும் ஏற்பட்டால் அதனை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். பச்சிளங்குழந்தை பால் குடிக்க மறுத்தாலோ, சோர்ந்து துவண்டாலோ, உடல் சில்லிட்டாலோ காத்திருக்க வேண்டாம். அவசர ஊர்திக்கு 108 எண்ணை அழையுங்கள். உட்கொண்ட பொருளின் உறையை உடன் எடுத்துச் செல்லுங்கள். இரத்தப் பரிசோதனையில் பாக்டீரியா வளர்ந்தால், அது அப்பொருளில் உள்ள திரிபுதானா என்று ஒப்பிடவும், எந்த ஆன்டிபயாடிக் பயன்படும் என்று முடிவு செய்யவும் அதில் உள்ள பெயர் மருத்துவருக்கு உதவும்.

இப்பக்கத்தில் உள்ள தகவல்கள் பொது அறிதலுக்கானவை. இவை மருத்துவரின் நேரடிப் பரிசோதனைக்கும் ஆலோசனைக்கும் மாற்றாகா. பரிந்துரைக்கப்பட்ட மருந்து எதையும் இத்தகவல்களின் அடிப்படையில் தாமாக நிறுத்தவோ மாற்றவோ வேண்டாம்.